காட்டுவதற்கு மட்டும் பணம் தர மாட்டேன்

கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளையை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பும் எண்ணத்தில் இருப்பவர்கள் கடைசிவரை படியுங்கள்.

மே, ஜூன் வந்தால் எனக்கு வரும் போன்களில் பாதி இப்போது ஒரே விஷயத்துக்குத்தான். "டீச்சர், பையனுக்கு இங்கிலாந்துல எம்.எஸ்.சி. சீட் கிடைச்சிருக்கு. விசாவுக்கு பேங்க் பேலன்ஸ் காட்டணும். உங்க ரிட்டயர்மெண்ட் பணம் டெபாசிட்லதானே இருக்கு? ஒரே மாசம். காட்டிட்டு உடனே திருப்பிப் போட்டுடறோம்." உறவுக்காரர்கள் என்றால் டீச்சருக்குப் பதிலாக அத்தை, பெரியம்மா. மற்றபடி வசனம் ஒன்றுதான். தனித்தனியாகப் பதில் சொல்லிச் சிலரோடு மனக்கசப்பு வந்துவிட்டது. அதனால் எல்லோருக்கும் பொதுவாக இங்கேயே சொல்லிவிடுகிறேன். காட்டுவதற்கு மட்டும் நான் பணம் தர மாட்டேன். நீங்களும் யாரிடமும் அப்படிக் கேட்காதீர்கள்.

முதலில் விதி என்ன என்று பார்ப்போம். இங்கிலாந்து மாணவர் விசாவுக்கு, முதல் ஆண்டுக் கட்டணத்தில் கட்டவேண்டிய மீதியும், ஒன்பது மாதச் சாப்பாடு, வாடகைச் செலவும் கையில் இருப்பதாகக் காட்ட வேண்டும். லண்டனுக்கு வெளியே என்றாலே மாதம் 1,100 பவுண்டுக்கு மேல். ஒன்பது மாதத்துக்கு நம் பணத்தில் 11 லட்சத்தைத் தாண்டும். கட்டணப் பாக்கி தனி. அந்தத் தொகை மாணவர் கணக்கிலோ பெற்றோர் கணக்கிலோ தொடர்ந்து 28 நாள் இருக்க வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் செல்லாது. மாமா கணக்கிலோ டீச்சர் கணக்கிலோ இருந்தால் கணக்கில் சேராது. அதனால்தான் பணத்தை உங்கள் கணக்குக்கு மாற்றச் சொல்லிக் கேட்கிறீர்கள்.

இந்த 28 நாளை வைத்து ஒரு தொழிலே நடக்கிறது. வட்டி பேசிப் பணத்தைப் போடுவார்கள், அறிக்கை வாங்கியதும் எடுத்துவிடுவார்கள். பணத்தையே போடாமல் போலி அறிக்கை அச்சடித்துத் தருகிறவர்களும் இருக்கிறார்கள். "இதெல்லாம் சும்மா ஃபார்மாலிட்டி" என்று ஏஜென்ட் சொல்வார். நான் கேட்கிறேன், அது ஃபார்மாலிட்டியா?

உங்கள் பிள்ளை அங்கே போய் ஒன்பது மாதம் சாப்பிடுவானா, தங்க இடம் இருக்குமா என்பதுதான் கேள்வி. அந்நிய நாட்டு அதிகாரி கேட்பதற்கு முன்னால் பெற்றவர்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. அதற்குப் பொய்யான விடை எழுதிக் கொடுத்தால் அதிகாரிக்கு ஒன்றும் நஷ்டமில்லை. பிள்ளைதான் பட்டினி கிடப்பான்.

மூன்றாம் வகுப்புக் கழித்தல் கணக்குதான் இது. காட்டிய பணம் 29ஆம் நாள் வட்டிக்காரரிடம் போய்விடும். பையன் சில மாதச் செலவுக்கான காசோடு விமானம் ஏறுவான். அங்கே பட்டப்படிப்பு மாணவர்கள் கல்லூரி நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். அந்தச் சம்பளத்தில் வாடகையும் கட்டி, கல்லூரிக் கட்டணத் தவணையும் கட்ட முடியாது. அதனால் கணக்கில் வராத வேலைக்குப் போவான். வகுப்பைத் தவறவிடுவான். வருகை குறைந்தால் பல்கலைக்கழகம் அரசுக்குத் தெரிவிக்கும், விசா ரத்தாகும். ஊரில் வீட்டுப் பத்திரம் மட்டும் அடமானத்தில் இருக்கும். விசா விண்ணப்பத்தில் சொன்ன ஒரு பொய் இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகும்.

மாட்டிக்கொண்டால் இன்னும் மோசம். இங்கிலாந்தில், ஏமாற்றி விண்ணப்பித்ததாக முடிவு செய்தால் 10 ஆண்டு வரை திரும்ப நுழைய முடியாது. கனடாவில் 5 ஆண்டு. அமெரிக்காவில் நிரந்தரத் தடையே விழலாம். 22 வயதுப் பிள்ளைக்குப் பத்து ஆண்டு என்றால் என்னவென்று யோசியுங்கள். விண்ணப்பத்தில் கையெழுத்து மாணவருடையது, ஏஜென்ட்டுடையது அல்ல. தண்டனையும் மாணவருக்குத்தான்.

2023இல் கனடாவில் நடந்தது நினைவிருக்கிறதா? பஞ்சாபிலிருந்து போன மாணவர்கள் பலர், படித்து முடித்து, வேலையில் சேர்ந்து, நிரந்தரக் குடியுரிமை கேட்டபோதுதான் அவர்களுடைய கல்லூரி அனுமதிக் கடிதமே போலி என்று தெரியவந்தது. ஏஜென்ட் கொடுத்த கடிதம் அது. எங்களுக்கு ஒன்றுமே தெரியாது என்றார்கள் பிள்ளைகள். தெரிந்தோ தெரியாமலோ, நாடு கடத்தும் நோட்டீஸ் வந்தது அவர்கள் பெயருக்கு. தெருவில் உட்கார்ந்து போராடியதும் அவர்கள்தான்.

"கன்சல்டன்சி நமக்கு ஃப்ரீயா செய்யறாங்க டீச்சர்" என்கிறீர்கள். சேர்த்துவிடும் ஒவ்வொரு மாணவருக்கும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஏஜென்ட்டுகளுக்குக் கமிஷன் கொடுக்கின்றன. அதில் தவறில்லை, அது அவர்கள் தொழில். ஆனால் "உன் வீட்டு நிலைமைக்கு இந்த ஆண்டு போகாதே" என்று சொன்னால் அவருக்குக் காசு வராது. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லத்தான் வீட்டுப் பெரியவர்களும் பழைய வாத்தியார்களும் இருக்கிறோம். அதை நாங்களும் சொல்லாமல் பணத்தையும் மாற்றிக் கொடுத்தால் பிள்ளைக்கு யார் சொல்வது?

ஒரு மாணவி என்னிடம் சண்டையே போட்டாள். "பணக்காரங்களுக்கு மட்டும்தான் விசா என்று சட்டம் போட்டிருக்கான். ஏழைப் பிள்ளைகள் வேற எப்படிப் போறது?" கேள்வி நியாயமானது. விதி பணக்காரர்களுக்குத்தான் சாதகம், மறுக்கவில்லை. விசா மறுக்கப்பட்டால் கட்டிய விண்ணப்பக் கட்டணம்கூடத் திரும்ப வராது. ஆனால் இந்தப் பொய்யால் ஏழைக்கு என்ன கிடைத்தது? பணக்கார வீட்டுப் பையன் காட்டிய பணம் அவனோடேயே போகிறது. ஏழைப் பையன் காட்டிய பணம் ஊரிலேயே நின்றுவிடுகிறது. வட்டி மட்டும் அவன் தலையில் ஏறுகிறது.

பொய் இல்லாத வழிகள் இருக்கின்றன. இங்கிலாந்து விசாவுக்கு வங்கியின் கல்விக் கடன் கடிதத்தையே ஆதாரமாக ஏற்கிறார்கள். வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். பொதுவாகப் படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்டவேண்டியதில்லை, ஆனால் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணமே இல்லை. அங்கே ஆண்டுக்கு 11,904 யூரோவை மாணவர் பெயரில் முடக்கி வைத்து, மாதம் 992 யூரோவாக அவருக்கே திருப்பித் தருகிறார்கள். காட்டிவிட்டு உருவிக்கொள்ளும் வேலை அங்கே நடக்காது. பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் இருக்கிறது. இவற்றில் எதுவும் இந்த ஆண்டு அமையவில்லையா? ஓர் ஆண்டு வேலை பார்த்து, காசு சேர்த்து, மொழியும் படித்துக்கொண்டு போகட்டும். 23 வயதில் போனால் பல்கலைக்கழகம் கதவை மூடிவிடாது. பக்கத்து வீட்டுப் பையன் போய்விட்டானே என்ற அவசரம் பெற்றவர்களுக்குத்தான் இருக்கிறது.

நான் என்ன செய்வேன் என்பதையும் சொல்கிறேன். பல்கலைக்கழகக் கடிதத்தையும் அந்நாட்டு அரசின் இணையதள விதிகளையும் என் திண்ணையில் உட்கார்ந்து வரிவரியாக உங்களோடு படிப்பேன். ஏன் படிக்கப் போகிறேன் என்ற கட்டுரையைப் பிள்ளையே எழுதி வந்தால், பழையபடி சிவப்பு மையில் திருத்தித் தருவேன். எழுதித் தர மாட்டேன். பண உதவி என்றால், என் சக்திக்கு ஐயாயிரமோ ஐம்பதாயிரமோ கொடுப்பேன். அது பிள்ளையோடு விமானம் ஏறி, அங்கே அரிசி பருப்பு வாங்கட்டும். சம்பாதிக்கும்போது திருப்பித் தந்தால் போதும்.

கோபம் உள்ளவர்கள் கீழேயே எழுதுங்கள். படிக்கிறேன், பதிலும் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்