‘அகால மரணம்’ என்று மட்டும் எழுதாதீர்கள்

1944ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் இரவு, பிரித்தானிய விமானங்கள் பாரிஸின் லாச்சப்பல் தொடருந்து நிலையத்தின் பொருள்வண்டித் தளத்தை இலக்குவைத்துக் குண்டு பொழிந்தன. நோர்மண்டித் தரையிறக்கத்திற்கு முன்பாக ஜேர்மன் படையின் போக்குவரத்தைத் துண்டித்துவிடவேண்டும் என்பதே நோக்கம். நோக்கம் சரியானதே, ஆனால் குண்டுகள் தண்டவாளங்களோடு நின்றுவிடவில்லை. இன்று எம்மவர் கடைவைத்தும் குடியிருந்தும் வாழ்கின்ற இந்தப் பதினெட்டாம் வட்டாரத்தின் வீடுகளிலும், அதற்கு வடக்கே உள்ள புறநகர்களின் வீடுகளிலும் அவை விழுந்தன. ஓர் இரவில் அறுநூறுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் மாண்டனர். சில நாட்களின் பின்னர், ஏப்ரல் 26ஆம் நாள், மார்ஷல் பெத்தான் பாரிஸுக்கு வந்து நோத்ர்தாம் தேவாலயத்தில் நடைபெற்ற அஞ்சலிப் பூசையிற் கலந்துகொண்டார். தன் நாட்டு யூதர்களைத் தொடருந்தில் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்த ஓர் ஆட்சி, நேசநாடுகளின் குண்டுக்கு இறந்தவர்களுக்காகக் கண்ணீர் வடித்தது. விடுதலைக்குப் பின்னர் வந்த அரசுகளுக்கோ அந்த மரணங்கள் பேசச் சங்கடமானவை; கொன்றவர்கள் நண்பர்கள் அல்லவா!

இந்தக் கதையை நாம் இங்கே எடுத்துரைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஒருவர் அந்த மரணங்களைப் பிரசாரத்திற்கு எடுத்தார். இன்னொருவர் மறைத்துவைக்க விரும்பினார். எனினும் இறந்தவர்கள் மாநகரப் பதிவேட்டில் ஆளுக்கொரு வரியாக, பெயரோடும் வயதோடும் இருந்தார்கள். பிற்கால வரலாற்றாசிரியர்கள் சென்று பார்ப்பதற்கு ஏதோ ஒன்று இருந்தது. ரூ பஜோலில் மாலைவேளையில் மரக்கறிப் பையோடு நடந்துபோகும் எம்மவர்களிடம், உங்கள் ஊரில் விமானக் குண்டுவீச்சிற் செத்தவர்களின் பெயர்கள் எங்கே எழுதப்பட்டிருக்கின்றன என்று கேட்டால் என்ன பதில் வரும்? ‘எங்களுக்குத் தெரியும்’ என்பார்கள். தெரிந்திருப்பது வேறு, எழுதப்பட்டிருப்பது வேறு.

பெரிய நிகழ்வுகள் சில எழுதப்பட்டிருக்கின்றன என்பது உண்மையே. 1995 யூலை 9ஆம் நாள், ‘முன்னேறிப் பாய்தல்’ நடவடிக்கை தொடங்கிய அன்றே, நவாலி சென். பீற்றர்ஸ் தேவாலயத்திலும் அதன் சுற்றாடலிலும் தஞ்சமடைந்திருந்த மக்கள்மீது விமானப்படை குண்டு வீசியது. 65 பேர் கொல்லப்பட்டனர், 150 பேர் காயமடைந்தனர் என நேரிற் கண்டவர்களை மேற்கோள் காட்டி அனைத்துலகச் செஞ்சிலுவைக் குழு உடனடியாக அறிக்கை வெளியிட்டது. கொழும்பு அரசு சினந்தது, குண்டு வீசியதற்காக அல்ல, அதைச் சொன்னதற்காக. இடிபாடுகளை அகற்றி, காயமுற்றவர்களில் இறந்தவர்களையும் சேர்த்து, ஊரவர்கள் பெயர் பெயராகத் திரட்டியபோது அத்தொகை நூறைத் தாண்டிற்று. அதே ஆண்டு செப்ரெம்பர் 21ஆம் நாள் போர்ச் செய்திகளுக்குத் தணிக்கை விதிக்கப்பட்டது. மறுநாள் 22ஆம் நாள், வடமராட்சி கிழக்கில் நாகர்கோவில் மகா வித்தியாலயத்தின்மீது குண்டு விழுந்து இருபதுக்கும் மேற்பட்ட மாணவர்கள் மாண்டனர். தணிக்கையையும் மீறி அச்செய்தி வெளியுலகுக்கு வந்ததென்றால், பருத்தித்துறை வைத்தியசாலையிற் பணிபுரிந்த ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பினர் தாம் கண்டதைச் சொன்னதே முதற் காரணம்.

தேவாலயத்திற்கும் பாடசாலைக்கும் ஆண்டுதோறும் நினைவுநாள் உண்டு. வீட்டுக்கு இல்லை. ஒரு வளவு, அதில் ஓர் ஓட்டு வீடு, பின்பக்கம் பனங்குற்றி அடுக்கிய பதுங்குகுழி. காலை தேநீர் வைக்கும் நேரத்தில் ஒரு குண்டு. தாயும் பேத்தியும் பக்கத்து வீட்டுப் பெடியனும். இப்படி மூன்றாய், நான்காய், ஏழாய்ச் செத்தவர்கள்தாம் அந்த ஆண்டுகளின் மிகப் பெரிய தொகையினர் என நாம் கருதுகிறோம். அவர்களுக்குப் பட்டியல் இல்லை. முழுக் குடும்பமும் ஒரே குழியில் அழிந்துபோன இடத்தில், முறைப்பாடு செய்வதற்குத்தான் யார் மிஞ்சினார்?

எழுதப்படாமற் போனதற்கு மக்களின் அசட்டையே காரணம் என்று சொல்வது அநியாயம். 1983 யூன் மாதம் கொண்டுவரப்பட்ட 15ஏ என்னும் அவசரகால விதி, மரண விசாரணை இல்லாமலேயே உடல்களைப் புதைக்கவும் எரிக்கவும் படையினருக்கு அதிகாரம் கொடுத்தது. மரணத்தை விசாரிக்கவேண்டிய அரசே விசாரணை வேண்டாம் என்று சட்டம் செய்த நாட்டில் ஆவணம் எப்படிப் பிறக்கும்? 1990இன் பின் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மின்கலத்திற்கும் எரிபொருளுக்கும் தடை. ‘உதயன்’ அப்பியாசக் கொப்பித் தாளில் அச்சாகிய காலம் அது. எழுதியவற்றிலும் பெரும்பங்கு, 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தபோது வீடுகளிலேயே விடப்பட்டது. வன்னியில் அந்த நடை மீண்டும் மீண்டும் நிகழ்ந்தது.

எழுதியவர்களுக்கு நேர்ந்ததையும் சொல்லவேண்டும். யாழ். பல்கலைக்கழகத்தில் மனித உரிமைகளுக்கான ஆசிரியர் குழுவின் நிறுவுனர்களில் ஒருவரான கலாநிதி ராஜினி திராணகம 1989 செப்ரெம்பர் 21ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். கிளிநொச்சியில் வடக்கு கிழக்கு மனித உரிமைகள் செயலகத்தின் தலைவராயிருந்து, படுகொலைகளை ஊர் ஊராகத் திரட்டிய அருட்தந்தை கருணாரட்ணம் 2008 ஏப்ரல் 20ஆம் நாள் கிளைமோர் தாக்குதலிற் கொல்லப்பட்டார். இருவரும் ஒரே திசையிலிருந்து எழுதியவர்கள் அல்லர். ஒருவருடைய எழுத்தை விரும்பியவர்கள் மற்றவருடையதை விரும்பினார்கள் என்றும் சொல்ல முடியாது. ஆனால் இறந்தவரின் பெயரைக் கேட்டு எழுதினார்கள் என்ற ஒன்றில் இருவரும் ஒன்றே.

சரி, பெயரைக் கேட்டு எழுதுவது என்றால் என்ன? ‘விமானத் தாக்குதலில் எமது உறவினர் ஐவர் பலி’ என்ற வசனம் செய்தி, ஆவணம் அன்று. எந்த ஊர், எந்தக் குறிச்சி, யாருடைய வளவு, எந்தக் கோவிலுக்கு எந்தத் திசையில்? நாள் எது? நாள் மறந்திருந்தால் திதி எது, எந்தத் திருவிழாவுக்கு முன், எந்தச் சோதனை நடந்த கிழமை? வந்தது ஹெலியா, சகடையா, பொம்பரா? எத்தனை சுற்றுச் சுற்றியது, எத்தனை குண்டு போட்டது, முதலாவது எங்கே விழுந்தது? குழியின் ஆழம் ஆள் உயரமா? வெடிக்காத குண்டு கிடந்ததா, அதை யார் எடுத்தார்? காயப்பட்டவர்களை எதில் ஏற்றி எந்த வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள்? உடல்களை யார் அடையாளம் காட்டினார், எங்கே அடக்கினார்கள்? அம்மாமார் இவற்றையெல்லாம் கேளாமலே சொல்வார்கள். நாம்தான் ‘அதை விடுங்கோ அம்மா’ என்று இடைமறித்துவிடுகிறோம்.

சிறு விவரங்களில் நாம் இவ்வளவு வற்புறுத்துவதன் காரணம், ஒரு பிழை முழுச் சாட்சியத்தையும் விழுத்திவிடும் என்பதே. புக்காரா விமானங்கள் இலங்கைக்கு வந்தது 1993இல். கிபிர் வந்தது 1996இல். மிக்-27 வந்தது 2000இல். 1991இல் எங்கள் வீட்டில் கிபிர் அடித்தது என்று ஒருவர் சொன்னால், அவர் பொய் சொல்லவில்லை; வேகமாக வந்த எல்லா விமானத்திற்கும் பிற்காலத்தில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது, அவ்வளவே. ஆனால் எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்கு அது போதும். அகதி விண்ணப்பக் கோவையோடு ஒஃப்ப்ராவின் வாசலில் நின்றவர்களுக்கு இதனை நாம் விளக்கவேண்டியதில்லை. அதேபோல எறிகணையால் நேர்ந்த மரணத்தை விமானத்தின் கணக்கில் எழுதக்கூடாது. 2009இன் முதல் மாதங்களில் வன்னியில் நேர்ந்த மரணங்களிற் பெரும்பங்கு ஆட்டிலறியால் நேர்ந்தது. அதை அப்படியே எழுதவேண்டும்.

இன்னுமொன்று, சிலருக்குக் கசக்கும். வீட்டுக்கு அருகே போராளிகளின் முகாமோ காவலரணோ இருந்திருந்தால் அதையும் எழுதவேண்டும், எத்தனை யார் தூரத்தில் என்று. இறந்தவர்களில் ஒருவர் போராளியாக இருந்திருந்தால் அதையும். அப்படி எழுதுவதால் அந்த வீட்டிற் செத்த குழந்தையின் உரிமை ஓர் அணுவும் குறைந்துவிடாது. 1977ஆம் ஆண்டின் ஜெனீவா மேலதிக நெறிமுறை, ஐயம் எழும் இடத்தில் வீடு வீடாகவே கொள்ளப்படவேண்டும் என்கிறது. (இலங்கை அந்த நெறிமுறையில் இணையாத நாடு என்பதையும் வாசகர்கள் குறித்துக்கொள்வது நன்று.) ஐயத்தின் பயனை வீட்டுக்குக் கொடு என்று சட்டமே சொல்லும்போது, நாம் எதை மறைக்கவேண்டும்?

தொகையைக் கூட்டிச் சொல்வதும் மறைப்பதைப் போன்ற தீங்கே. பொஸ்னியாவில் இரண்டு இலட்சம் பேர் மாண்டனர் என்று உலகமே சொல்லிக்கொண்டிருந்தது. சரயேவோவில் மிர்சாத் தோகாச்சா என்பவரும் அவருடைய குழுவினரும் ஆண்டுக்கணக்கில் வீடு வீடாகச் சென்று பெயர்களைத் திரட்டி, 2007இல் வெளியிட்ட தொகை 97,207. அவருடைய மக்களே அவரைத் திட்டினார்கள். ஆனால் அந்தத் தொண்ணூற்றேழாயிரத்தில் எவரையும் எவராலும் இல்லையென்று சொல்ல முடியவில்லை. எமது வரலாற்றிலும் இது நிகழ்ந்தது. 2006 ஓகஸ்ட் 14ஆம் நாள் வள்ளிபுனம் செஞ்சோலை வளாகத்தில் 61 மாணவியர் என்று முதற்செய்தி வந்தது. கண்காணிப்புக் குழுவினர் சென்றபோது அங்கே கண்டு எண்ணிய உடல்கள் 19. பின்னர் பெயர், வயது, பாடசாலை என்று திரட்டப்பட்ட பட்டியல் ஐம்பதுக்குச் சற்று மேல் நின்றது. இன்று அரசின் ‘பயிற்சி முகாம்’ என்ற வாதத்திற்கு எதிராக நிற்பது அந்த முதற்செய்தி அன்று. அந்தப் பாடசாலைகளின் இடாப்பிற் கிடக்கின்ற பெயர்களே.

அடுத்த ஆண்டு பிறந்த இரண்டாம் நாள், 2007 சனவரி 2இல், மன்னார் இலுப்பைக்கடவைக்கு அருகே படகுத்துறையில் இடம்பெயர்ந்த மீனவர்களின் குடிசைகள்மீது குண்டு விழுந்தது. கடற்புலிகளின் தளம் என்றது விமானப்படை. செத்தவர்கள் பதினைந்து பேரும் குடிமக்கள், குழந்தைகள் உட்பட, என்றார் மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் ஆண்டகை. 2021 ஏப்ரல் முதலாம் நாள் அவரும் காலமானார். பதவியும் துணிவும் உள்ள ஒருவர் எல்லாக் கிராமத்திலும் இருப்பதில்லை.

2009இல் கொழும்பிலிருந்த ஐ.நா. அலுவலர்கள் சிலர் வன்னியிலிருந்து வந்த தகவல்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு எண்ணினார்கள். 2008 ஓகஸ்ட் தொடக்கம் 2009 மே 13 வரை 7,721 பேர் கொல்லப்பட்டனர் என்பது அவர்களுடைய கணக்கு. தம்மால் உறுதிப்படுத்த முடிந்ததை மட்டுமே எண்ணிய, குறைந்தபட்சக் கணக்கு. போர் நடந்துகொண்டிருந்தபோது ஐ.நா. அதனைப் பகிரங்கமாக வெளியிடவில்லை. 2011இல் ஐ.நா. நிபுணர் குழு நாற்பதாயிரம் வரை இருக்கலாம் என்றது, 2012இல் ஐ.நா.வின் உள்ளக ஆய்வு எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கணக்கில் இல்லை என்றது. ஏழாயிரத்திற்கும் எழுபதாயிரத்திற்கும் இடையிலுள்ள பெரும் வெளியில்தான் எம்மவரின் வீடுகள் இருக்கின்றன. அதனை மேடைப் பேச்சினால் நிரப்ப முடியாது.

இது எமக்கு மட்டும் நேர்ந்த அவலமும் அன்று. 2017இல் நியூயோர்க் ரைம்ஸ் ஏட்டின் இரு செய்தியாளர்கள் ஈராக்கின் வடக்கே ஏறத்தாழ 150 குண்டுவீச்சு இடங்களுக்கு நேரில் நடந்துசென்று விசாரித்தார்கள். ஐந்து தாக்குதல்களில் ஒன்றிற் குடிமக்கள் இறந்திருந்தனர். அமெரிக்கக் கூட்டணி ஒப்புக்கொண்ட வீதத்தைப்போல் முப்பத்தொரு மடங்கு. மேலிருந்து பார்த்தவர்களுக்குக் கட்டடம் தெரிந்தது. கீழே நடந்தவர்களுக்கு அது யாருடைய வீடு என்று தெரிந்தது.

எமது கைகளில் என்ன இருக்கிறது? நாம் நினைப்பதிலும் அதிகம். யாழ்ப்பாணத்து வழக்கப்படி முப்பத்தோராம் நாளுக்கு அச்சிடும் கல்வெட்டுகள் எத்தனையோ வீடுகளில் அலுமாரியின் அடியிற் கிடக்கின்றன. அவற்றிற் பிறந்த ஊர், பெற்றோர், வம்சம், திதி எல்லாம் உண்டு. ஞானஸ்நானப் பதிவேடு, பாடசாலை இடாப்பு, பங்கீட்டு அட்டை, ஊரிலிருந்து வந்த நீலநிற வான்கடிதம், இவை ஒவ்வொன்றும் சாட்சி. நூலகம் நிறுவனம் 2005 முதல் இத்தகைய மலர்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவிற் சேமித்துவருகிறது. ஜெனீவாவில் மனித உரிமைகள் பேரவை 2021இல் நிறைவேற்றிய 46/1 தீர்மானம், இலங்கை தொடர்பான சான்றுகளைத் திரட்டிப் பேணும் பொறுப்பை ஆணையாளர் அலுவலகத்திற்குக் கொடுத்தது. பின்வந்த தீர்மானங்கள் அதனை நீடித்தன. வாங்குவதற்கு ஒரு கை நீண்டிருக்கிறது. அகதி விண்ணப்பத்தில் நாம் எழுதியவை சட்டப்படி இரகசியம். அவை எவருக்கும் பயன்படா. ஆகவே மீண்டும் ஒருமுறை, இம்முறை அனுமதிக்காக அல்லாமல், எழுதவேண்டியிருக்கிறது.

இந்த நாட்டில் இதற்கு முன்மாதிரி உண்டு. சேர்ஜ் கிளார்ஸ்ஃபெல்ட், தந்தையை அந்தத் தொடருந்துகளுக்குப் பறிகொடுத்த ஒரு சட்டத்தரணி, பிரான்சிலிருந்து நாடுகடத்தப்பட்ட சுமார் 76,000 யூதர்களின் பெயர்களையும் தொடருந்து தொடருந்தாகத் தொகுத்து 1978இல் நூலாக வெளியிட்டார். போர் முடிந்து முப்பத்துமூன்று ஆண்டுகள் கழித்து! 2005இல் அப்பெயர்கள் பாரிஸின் நினைவுச் சுவரில் ஏறின. நாகர்கோவிலில் குண்டு விழுந்து முப்பது ஆண்டுகள் ஆகிவிட்டன.

இறுதியாக, எமது பத்திரிகையின் மரண அறிவித்தற் பக்கம் பற்றி. அதில் வரும் ஆண்டு நினைவஞ்சலிகளில் ‘அகால மரணமடைந்த’ என்ற தொடரை நாம் அடிக்கடி அச்சிடுகிறோம். ஊரில் இன்னும் இருக்கும் உறவுகளுக்குத் தொல்லை வந்துவிடுமோ என்ற அச்சத்தில் அத்தொடர் வழக்கிற்கு வந்தது. அந்த அச்சத்தை நாம் பழிக்கவில்லை. ஆனால் மாரடைப்பும் அகால மரணம், வீதி விபத்தும் அகால மரணம், பொம்பரின் குண்டும் அகால மரணம் என்றால், நாளை இப்பக்கத்தைப் புரட்டும் பேரப்பிள்ளை என்னத்தை அறியும்? சொல்லக்கூடிய நிலையிலுள்ளவர்கள் நாள், இடம், விமானக் குண்டுவீச்சு என்று எழுதித்தாருங்கள். அந்த மேலதிக வரிகளுக்கு நாம் கட்டணம் அறவிடமாட்டோம். பெயர் வெளியிட விரும்பாதவர்கள் மூடிய உறையிலிட்டு, உறையின்மேல் ‘அச்சிடவேண்டாம்’ என்று எழுதி ரூ பஜோல் அலுவலகத்திற் கொடுக்கலாம். அது அச்சேறாது, தனிக்கோவையிற் பேணப்படும். எழுத முடியாத முதியவர்கள் இருந்தால் வீட்டிலுள்ள பிள்ளைகள் கேட்டு எழுதட்டும். பிரெஞ்சில் எழுதினாலும் ஏற்றுக்கொள்வோம். ஊர்ப்பெயரை மட்டும் தமிழில் எழுதுங்கள்.