மலைக்குளிரும் கல்லடைப்பும்

குன்னூர் தந்தி மாரியம்மனைத் தரிசித்து உதகைக்கு ஏறும் அன்பர்களுள் பலர், அவ்வூரின் பாஸ்டியர் நிலையத்தை வெறிநாய்க்கடி மருந்தோடு மட்டுமே சேர்த்து அறிவர். 1907-ல் தோன்றிய அந்நிலையத்தில், சிறுநீர்க்கல் எவ்வாறு உண்டாகிறது என்ற ஆராய்ச்சியும் ஒரு காலத்தில் நடைபெற்றது.

ராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர் 1920-களின் பிற்பகுதியில் அங்கே எலிகளைப் பலவகை உணவில் வளர்த்துப் பார்த்தார். தானியமே மிகுந்து, பாலும் உயிர்ச்சத்து 'ஏ'யும் குறைந்த உணவை உண்ட எலிகளுக்கு மூத்திரப்பையில் கல் தோன்றியது. உணவில் பால் சேர்ந்தபோது அது தடுக்கப்பட்டது. கல்லடைப்பு விதியின் விளையாட்டு அன்று, அடுப்படியோடு தொடர்புடையது என்பதை அம்மலையில் நடந்த ஆய்வு புலப்படுத்திற்று. அவர் பணிபுரிந்த ஆய்வுக்கூடமே 1958-ல் ஹைதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது.

அன்று குறைவினால் வந்த நோய், இன்று பெரும்பாலும் மிகுதியினால் வருகிறது. 2005-ல் அமெரிக்காவில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்த மருத்துவர்கள், 68 கிலோவுக்குக் குறைந்த ஆண்களைவிட 100 கிலோவுக்கு மேற்பட்ட ஆண்களுக்குச் சிறுநீரகக் கல் வரும் வாய்ப்பு 44 விழுக்காடு கூடுதல் என்று கண்டனர். பெண்களிடத்தில் இவ்வேறுபாடு இன்னும் பெரிது.

எடைக்கும் கல்லுக்கும் என்ன உறவு? உடல் பருத்து இன்சுலின் சரிவர வேலை செய்யாதபோது, சிறுநீரகம் அமிலத்தை அடக்கும் அம்மோனியாவைக் குறைவாகவே உண்டாக்குகிறது. அதனால் சிறுநீர் புளிப்பேறுகிறது. புளிப்பேறிய நீரில் யூரிக் அமிலம் கரையாமல் படிந்து கல்லாகிறது. நீரிழிவு உள்ளோர்க்கு இவ்வகைக் கல் மிகுதியாக வருவதற்கு இதுவே காரணம்.

முதியோர் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரத்தத்தில் யூரிக் அமிலம் 7 மில்லிகிராமுக்குள் இருந்தால் கவலை இல்லை என்று எண்ணிவிடலாகாது. ரத்த அளவு சரியாக இருந்தும், சிறுநீரின் அமிலத்தன்மையால் கல் தோன்றுவது உண்டு. ஆகவே ஒருமுறை கல் வந்தவர்கள் ரத்தப் பரிசோதனையோடு சிறுநீர்ப் பரிசோதனையும் செய்துகொள்வது அவசியம். யூரிக் அமிலக் கல் என்று தெரிந்துவிட்டால், பலருக்கு அதை மருந்தினாலேயே கரைக்கவும் இயலும்.

வெப்பம் மிகுந்த ஊர்களில்தான் கல் வரும் என்ற எண்ணம் மலைவாசிகளிடம் உண்டு. வியர்வை குறைவு என்பது உண்மையே. ஆயினும் குளிரில் தாகம் தோன்றுவதில்லை. முதுமையில் தாக உணர்வே மங்கிவிடுகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து மலைப்பாதையில் பேருந்தேறும் முதியோர், வழியில் இறங்க நேருமே என்றஞ்சி நீரைத் தவிர்ப்பதும் உண்டு. தாகம் இல்லை என்பதால் உடலுக்கு நீர் தேவையில்லை என்று ஆகிவிடாது.

விரத நாட்களுக்கும் இது பொருந்தும். வைகுண்ட ஏகாதசி வரும் மார்கழியில் உதகையில் உறைபனி பெய்யும். அன்று நீரும் அருந்தாமல் இருப்போருக்குச் சிறுநீர் சுண்டிவிடும். முழுப் பட்டினியில் ரத்தத்தின் யூரிக் அமிலமும் உயரும். எடையைக் குறைக்க விரும்புவோரும் பட்டினியால் அன்றி, மெல்ல மெல்லக் குறைப்பதே நலம். கல் வந்த வரலாறு உள்ளோர் நீரோடு கூடிய விரதத்தை மேற்கொள்வதில் பக்திக்குக் குறைவொன்றும் இல்லை.

நாளொன்றுக்கு இரண்டு முதல் இரண்டரை லிட்டர் சிறுநீர் கழியுமளவுக்கு நீர் பருக வேண்டும். குளிருக்கு வெந்நீரே இதமாகும். எலுமிச்சைச் சாற்றிலுள்ள சிட்ரேட் கல் படிவதைத் தடுக்கும். அதில் உப்பும் சர்க்கரையும் மிகலாகாது. ஊறுகாய், அப்பளம் குறைய வேண்டும். கல்லில் சுண்ணாம்பு உண்டென்று பாலையும் மோரையும் விலக்குவது தவறு. மலையில் கடுந்தேநீரை அடிக்கடி அருந்துவோர், அதை நீருக்கு ஈடாகக் கொள்ளாதிருப்பது நன்று. இதயம், சிறுநீரகம் தளர்ந்தவர்கள் நீரின் அளவை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

அம்மனுக்கு நாள்தோறும் அபிஷேகம் தவறாமல் நடைபெறுகிறது. அவள் தந்த உடலுக்கும் நாள்தோறும் உரிய நீரை வார்ப்பது, மலையேறி அவளை ஆண்டுதோறும் தரிசிக்கத் துணைநிற்கும்.