ஓட்டு எப்போது கிடைக்கும்?



எந்த நாட்டுக்குப் போய்க் குடியேறலாம் என்று யோசனை கேட்டு வரும் கடிதங்கள் நம் இதழ் அலுவலகத்தில் கூடிக்கொண்டே போகின்றன. எல்லாவற்றிலும் இரண்டு கவலைகளைப் பார்க்கிறேன். அங்கே அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்? அங்கிருக்கும் அரசியல் நம்மை நிம்மதியாக விடுமா? பலரும் இந்த இரண்டையும் தனித்தனியாக எடைபோடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஏன் என்பதற்கு ஆஸ்திரியத் தலைநகர் வியன்னா நல்ல உதாரணம்.

வாழத் தகுந்த நகரங்கள் என்று பிரிட்டனின் எகனாமிஸ்ட் குழுமம் ஆண்டுதோறும் வெளியிடும் பட்டியலில் 2022, 2023, 2024 மூன்று ஆண்டுகளும் வியன்னாதான் முதலிடம். தகுதியான இடம்தான். 1873 முதல் மலை ஊற்றுத் தண்ணீர் குழாய் வழியாக வீடுகளுக்கு வருகிறது. 2012இல் பஸ், டிராம், மெட்ரோ எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆண்டு பாஸ் 365 யூரோ என்று வைத்தார்கள். நாளைக்கு ஒரு யூரோ! பல ஆண்டுகள் அந்த விலை ஏறவே இல்லை. முதல் உலகப் போர் முடிந்த கையோடு மாநகராட்சியே தொழிலாளர்களுக்கு வீடு கட்டத் தொடங்கியது. இன்று நகரத்தில் ஏறக்குறைய பாதிப் பேர் மாநகராட்சி வீட்டிலோ மானியம் பெற்ற வீட்டிலோ குடியிருக்கிறார்கள். இதெல்லாம் தானாக வந்ததில்லை. ஓட்டுப் போட்டவர்கள் கேட்டு வாங்கியது.

அந்த ஓட்டு, வெளியிலிருந்து வந்தவருக்கு எப்போது கிடைக்கும்? ஆஸ்திரியக் குடியுரிமைக்குப் பொதுவாகப் பத்து ஆண்டுகள் அங்கே வசித்திருக்க வேண்டும். பழைய குடியுரிமையை விட்டுவிட வேண்டும். அங்கேயே பிறந்தாலும், பெற்றோர் வெளிநாட்டவர் என்றால் குழந்தையும் வெளிநாட்டவர்தான். வியன்னாவில் ஓட்டுப் போடும் வயதுள்ளவர்களில் மூன்றில் ஒருவருக்கும் மேல் தேசியத் தேர்தலில் ஓட்டில்லை. வட்டாரத் தேர்தலிலாவது இவர்கள் ஓட்டுப் போடட்டும் என்று நகர சபை 2002இல் சட்டம் கொண்டுவந்தது. 2004இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2024 செப்டம்பரில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில், குடியேறிகளுக்கு எதிராகப் பிரசாரம் செய்த சுதந்திரக் கட்சி சுமார் 29 சதவீத வாக்குகளோடு முதலிடத்துக்கு வந்தது. யாரைப் பற்றி மேடை மேடையாகப் பேசினார்களோ, அவர்களில் பெரும்பாலோர் அன்று வீட்டில்தான் இருந்திருப்பார்கள். வியன்னாவுக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவரவில்லை. போகிறவர் இதையும் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

பிரிட்டனில் கதை வேறு. காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள், அதாவது இந்தியரும் இலங்கையரும், அங்கே தங்கும் அனுமதியோடு இருந்தால் நாடாளுமன்றத் தேர்தலிலேயே ஓட்டுப் போடலாம். பெயரைப் பதிவு செய்தால் போதும். இது தெரியாமலே அங்கு ஆண்டுக்கணக்கில் இருக்கும் நம்மவர்கள் உண்டு. அங்கும் விதிகள் இறுகுகின்றன: 2024 மார்ச் முதல் புதிதாகப் போன முதியோர் பராமரிப்புப் பணியாளர்களால் குடும்பத்தை அழைத்துப் போக முடியவில்லை. ஆனால் அந்த விதியைப் போட்டவர்களிடம் கணக்குக் கேட்க ஒரு வாக்குச் சீட்டாவது கையில் இருக்கிறது. நியூசிலாந்தில் குடியுரிமை வாங்காமலே, நிரந்தரமாகத் தங்கும் உரிமையும் ஓராண்டுத் தொடர் வாசமும் இருந்தால் ஓட்டுண்டு. 1975 முதலே இப்படித்தான்.

அமெரிக்காவைப் பற்றித்தான் அதிகக் கடிதங்கள். வேலை வழியாகத் தரும் கிரீன் கார்டில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற உச்சவரம்பு இருப்பதால் இந்தியர்களின் வரிசை பல பத்தாண்டுகளுக்கு நீள்கிறது. ஓட்டு அதற்கும் அப்பால். அதைவிட என்னை வருத்துவது பிள்ளைகளின் நிலை. இரண்டு வயதில் அப்பா அம்மாவோடு விமானம் ஏறிய குழந்தை, அங்குள்ள பள்ளியிலேயே படித்து, அங்குள்ள தெருவிலேயே சைக்கிள் ஓட்டி வளர்கிறது. 21 வயதானதும் பெற்றோரின் விசாவோடு ஒட்டியிருந்த உரிமை போய்விடுகிறது. படிப்புக்கென்று தனி விசா தேட வேண்டும், இல்லையேல் தனக்கு நினைவே இல்லாத ஊருக்குத் திரும்ப வேண்டும். நல்ல பள்ளிக்கூடத்தைப் பார்த்துத்தான் அந்த ஊரையே தேர்ந்தெடுத்திருப்பார்கள். கைக்குழந்தையோடு கிளம்புகிறவர்கள் சம்பளத்தைக் கணக்குப் போடும்போதே, பிள்ளைக்கு 21 ஆகும் வருஷம் எது என்றும் தயவுசெய்து எழுதிப் பாருங்கள்.

இன்னொன்று. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிய நாளோடு இந்தியக் குடியுரிமை முடிந்துவிடுகிறது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டையை வைத்துக்கொண்டு இங்கே ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலமும் வாங்க முடியாது. இலங்கையில் இரட்டைக் குடியுரிமைக்கு வழியிருக்கிறது. கிராமத்து நிலத்தை நினைத்துத் தயங்கும் குடும்பங்கள் வீட்டுப் பெரியவர்களை உட்காரவைத்துப் பேசிவிட்டு முடிவெடுப்பது நல்லது.

வெளிநாடுகளில் இருக்கும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் போய் எத்தனை ஆண்டுகளில் ஓட்டுரிமை கிடைத்தது, அதுவரை எந்தெந்த விதி மாறி உங்கள் வீட்டைப் பாதித்தது என்று எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த இதழ்களில் நாடு வாரியாகத் தொகுத்து வெளியிட விரும்புகிறோம். இங்கே பெட்டி கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு அது உதவும்.

அன்புடன்,
ஆசிரியர்