மகாளய அமாவாசைக்கு முன் ஒரு மண்வெட்டி வேலை

சற்று நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

1998ல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியது முதல் நம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கொரியர்கள் வசிக்கிறார்கள். கடைப் பலகைகளில்கூட அவர்கள் எழுத்து. ஆனால் அவர்களுடைய சூசோக் பண்டிகை பற்றி நம்மில் பலருக்குத் தெரியாது. எட்டாம் சந்திர மாதப் பௌர்ணமியன்று புது அரிசிச் சோறு, பழம், சோங்பியோன் எல்லாம் முன்னோருக்குப் படைத்து, பிறகு குடும்பமே உட்கார்ந்து சாப்பிடும். (சோங்பியோன் என்பது எள் பூரணம் வைத்து ஆவியில் வேகவைப்பது. நம் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தம்பி!) நம் மகாளய பட்சமும் பௌர்ணமிக்கு மறுநாள்தான் தொடங்குகிறது. 2023லும் 2024லும் இரண்டும் ஒரே பௌர்ணமியை ஒட்டி வந்தன.

என்னைக் கவர்ந்தது படையல் அல்ல. சூசோக்குக்குச் சில வாரம் முன்பே ஊருக்குப் போய், முன்னோர் கல்லறை மேட்டில் புல் வெட்டிச் சுத்தம் செய்கிறார்கள். அதற்குப் போல்சோ என்று தனிப் பெயரே உண்டு. முதலில் வேலை, பிறகுதான் விருந்தும் ஆசியும்.

நாம்? எள்ளும் தண்ணீரும் இறைக்கிறோம். காக்காய்க்குச் சோறு, பசுவுக்கு அகத்திக்கீரை. இல்லறத்தான் பேண வேண்டியவர்களில் தென்புலத்தாரைத்தான் வள்ளுவர் முதலில் வைத்தார். குறை சொல்லவில்லை, நானும் செய்கிறேன். ஆனால் கேட்கிற பட்டியல் மட்டும் நீளம்: பையனுக்கு வேலை, பெண்ணுக்கு வரன், மனைக்குப் பட்டா.

நம்மில் பலருக்குச் சுத்தம் செய்யக் கல்லறை கிடையாது. பாட்டன் பூட்டன் வெட்டிக் கரை கட்டிவிட்டுப் போனது ஏரிதான். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்றே சொல்வார்கள். குடிமராமத்து என்று ஊரே கூடித் தூர் வாரியது. நிலம் தொழிற்பேட்டைக்குப் போன இடங்களில் பாசனம் நின்றது. வரத்துக் கால்வாய் பக்கம் யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? பிளாஸ்டிக் பையும் சீமைக்கருவேலமும்தான். 2015 மழையில் பட்டது போதாதா?

மகாளய அமாவாசை வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னால் வருகிறது. அதற்கு முந்தைய ஞாயிறு, தெருவுக்குப் பத்துப் பேர் சேர்ந்து கால்வாயில் கிடக்கும் குப்பையை அள்ளினால் அதுவும் தர்ப்பணம்தான் என்பேன். "அது அரசாங்க வேலை சார்" என்பீர்கள். தூர் வாரும் இயந்திரத்துக்கு நீர்வளத் துறையிடம் மனு கொடுப்போம். பை பொறுக்கவுமா மனு? இதற்குப் புரோகிதரும் வேண்டாம், ஆண் வாரிசும் வேண்டாம். பெண் பிள்ளைகள் தாராளமாக வரலாம்.

நைட் ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் தூங்கட்டும். மற்றவர்கள் பின்னூட்டத்தில் பெயர் சொல்லுங்கள். என்னிடம் மண்வெட்டி இரண்டு இருக்கிறது, கையுறைதான் வாங்க வேண்டும்.