ஈப்போவில் வாங்கிய பேக்கப், தோட்டத்தில் உதவுமா?

"எல்லாம் கிளவுட்டில் இருக்கிறது, கவலையை விடுங்கள்." ஈப்போவில் தலைமை அலுவலகமும் சுங்கை சிப்புட், தெலுக் இந்தான் பக்கம் தோட்ட ஆபீஸ்களும் வைத்திருக்கும் கம்பெனிகளில் இந்தப் பேச்சு சாதாரணம். பேர்போன பேக்கப் மென்பொருளுக்குச் சந்தா கட்டினால் தரவு பத்திரம் என்று நம்புகிறார்கள். விற்பவர்களும் தூபம் போடுகிறார்கள். இந்த நிம்மதி, சர்வர் ஒழுங்காக ஓடுகிற வரைக்கும்தான்.

பால்மரம் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களில், கிராணியின் செக்ரோல் புத்தகமும் கணினிக்குள் போய்விட்டது. ஆள் பதிவு, சம்பளம், குலைகளின் எடை, உர இருப்பு எல்லாம் ஆபீஸ் மூலையில் நிற்கும் ஒரு சர்வரில். அதில் 500 ஜிகாபைட் இருப்பதாக வைத்துக்கொள்வோம். லைன் விநாடிக்கு 10 மெகாபிட் என்றால், அத்தனையையும் கிளவுட்டிலிருந்து இறக்க நான்கரை நாளுக்கு மேல் பிடிக்கும். அதுவும் லைன் இடையில் அறுபடாமல், வேறு யாரும் அதைத் தொடாமல் இருந்தால். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டமோ, சம்பளக் காலம் முடிந்த ஏழு நாளுக்குள் கூலியைக் கொடுக்கச் சொல்கிறது. மாதக் கடைசியில் சர்வர் படுத்தால், "உங்கள் சம்பளம் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது" என்று எந்த மேனேஜர் ஆட்களிடம் போய்ச் சொல்வார்?

இன்னொன்றையும் மறந்துவிடுகிறோம். சர்வரைக் கொல்வது சில சமயம் லைனையும் சேர்த்தே கொல்லும். பிற்பகல் இடிமழையில் ஒரு மின்னல் போதும், மோடமும் போச்சு, சர்வரும் போச்சு. எதன் வழியாக மீட்கப் போகிறீர்கள்?

பெரிய கம்பெனிகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை என்பவர்கள் மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்தைப் பார்க்கட்டும். 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற தீம்பொருள் தாக்கியபோது, பல நாடுகளில் ஒன்றுக்கொன்று நகலாக இருந்த அதன் டொமைன் கன்ட்ரோலர்கள் (பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் சர்வர்கள்) ஏறக்குறைய ஒரே நேரத்தில் அழிந்தன. கானா கிளையில் இருந்த ஒன்று மட்டும் பிழைத்தது, காரணம் அந்நேரம் அங்கே கரண்ட் இல்லை! அதன் தரவை பிரிட்டனுக்கு லைனில் அனுப்பினால் நாள்கணக்கில் ஆகும் என்பதால், ஹார்ட் டிஸ்க்கை நைஜீரியாவரை ஓர் ஊழியர் கொண்டுபோய்க் கைமாற்ற, அங்கிருந்து இன்னொருவர் விமானத்தில் எடுத்துச் சென்றார். மோசமான லைனை நம்பி மீள முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பச்சை டிக் விழுந்தால் பேக்கப் சரி என்பதும் இதே ரக நம்பிக்கைதான். 2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் கோட் சேமிக்கும் சேவை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் தரவுத்தளம் தவறுதலாக அழிக்கப்பட்டது. ஐந்து விதப் பேக்கப் ஏற்பாடு இருந்தும், தேவைப்பட்டபோது ஒன்றுகூடச் சரியாக வேலை செய்யவில்லை. மீட்டுப் பார்க்காத பேக்கப்பை யாரும் நம்பக்கூடாது. கோப்புகளைக் கிளவுட்டோடு ஒத்திசைப்பதும் பேக்கப் அல்ல. ரான்சம்வேர் பூட்டிய கோப்பும் அதே விசுவாசத்தோடு மேலே போய்ச் சேர்ந்துவிடும்.

கிளவுட் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆபீஸே தீப்பிடித்தாலோ வெள்ளத்தில் மூழ்கினாலோ அதுதான் கடைசிப் பிடிமானம். ஆனால் முதல் நகல் தோட்டத்திலேயே இருக்க வேண்டும். இன்னொரு டிஸ்க் கம்பி கழற்றி அலமாரியில் இருக்க வேண்டும். மாறிய பகுதி மட்டும் இரவில் லைனில் போகட்டும், அறுபட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரட்டும். இத்தனையும் செய்கிற மென்பொருள் எதுவாக இருந்தாலும் சரி, பெயரும் சந்தாவும் அப்புறம்தான்.

விற்பனையாளர் ஈப்போவில் குளிர்சாதன அறையில் டெமோ காட்டட்டும். அடுத்த டெமோவைத் தோட்டத்தில் வையுங்கள். இணையக் கேபிளைப் பிடுங்கிவிட்டு, போன மாதச் செக்ரோலை வேறொரு கணினியில் கிராணியே மீட்டுக் காட்ட வேண்டும். "அதற்கு எங்கள் எஞ்சினியர் வரணும் சார்" என்று பதில் வந்தால், அவர் கோலாலம்பூரிலிருந்து எத்தனை மணி நேரத்தில் வந்து சேர்வார் என்பதை ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.