பழைய ஏ.சி.யில் புது கேஸ்: அவசரப்படாதீர்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சார், கம்ப்யூட்டர் இருக்கும் ரூமுக்கு ஏ.சி. கட்டாயம் வேண்டுமா?" இதற்கு என் பதில், வேண்டாம் என்பதுதான். வீட்டு உபயோக டெஸ்க்டாப்கள் பொதுவாக 35 டிகிரி செல்சியஸ் வரையிலான அறை வெப்பத்தில் இயங்கும்படிதான் தயாரிக்கப்படுகின்றன. கேபினெட்டுக்குள் தூசி அடையாமல் இருந்து, ஃபேன்கள் ஒழுங்காகச் சுற்றினால் போதும்.

ஆனால் திருவண்ணாமலையில் இருப்பவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். கோடையில் பகலெல்லாம் வெயிலை வாங்கிய மலையும் மொட்டை மாடியும் ராத்திரியிலும் சூட்டை விடுவதில்லை. கம்ப்யூட்டர் தாங்கினாலும் அதன் முன்னால் உட்காருகிறவர் தாங்க வேண்டுமே! அதனால் பலரும் செகண்ட் ஹேண்டில் ஒரு பழைய விண்டோ ஏ.சி.யை வாங்கி மாட்டிவிடுகிறார்கள். பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

என் அண்ணன் மகன் தேரடித் தெருப் பக்கம் சிறிய டி.டி.பி. சென்டர் நடத்துகிறான். மூன்று கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், பிளைவுட் தடுப்பு போட்ட ஒரு சின்ன அறை. அதில் ஒன்றரை டன் பழைய விண்டோ ஏ.சி. கத்திரி வெயில் நேரத்தில் ஒருநாள் போன் செய்தான்.

"சித்தப்பா, ஏ.சி. கூலிங் ஆகலை. கேஸ் போயிடுச்சாம். பழைய ஆர்-22 கேஸ் விலை ஜாஸ்தி, அதுக்குப் பதிலா ஆர்-290 போட்டுத் தரேன், கரண்ட் பில்லும் குறையும்னு மெக்கானிக் சொல்றார். போடச் சொல்லட்டுமா?"

"அவரைக் கொஞ்சம் இருக்கச் சொல்லுப்பா, நான் வரேன்" என்றேன். ஏன் தடுத்தேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆர்-22க்கு என்ன ஆயிற்று?

ஓசோன் படலத்தைக் காப்பாற்ற 1987ல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் உருவானது. இந்தியா 1992ல் அதில் சேர்ந்தது. பழைய ஃபிரிட்ஜ்களில் இருந்த ஆர்-12 முதலில் விடைபெற்றது. அடுத்து ஆர்-22ன் முறை. வளரும் நாடுகளுக்கான அட்டவணைப்படி இந்த வகை கேஸ்களின் அளவை 2020ல் 35 சதவீதமும், 2025ல் 67.5 சதவீதமும் குறைக்க வேண்டும். 2030ல் கிட்டத்தட்ட முழுமையாக நிறுத்த வேண்டும். பழைய மெஷின்களின் சர்வீஸுக்கு மட்டும் 2040 வரை மிகச் சிறிய அளவு அனுமதி உண்டு.

ஆகவே ஆர்-22 குறைந்துகொண்டே வரும், விலை ஏறும் என்று மெக்கானிக் சொன்னது உண்மைதான். ஆனால் இன்றே கிடைக்காமல் போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ரேம் மாதிரிதான் இதுவும்

கம்ப்யூட்டர்காரர்களுக்கு ஒரு உதாரணம் சொன்னால் எளிதில் புரியும். டி.டி.ஆர்.3 ரேம் ஸ்லாட்டில் டி.டி.ஆர்.4 ரேமைச் செருக முடியாது. வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் உள்ளேயே போகாது. தப்பு செய்ய நினைத்தாலும் வழியில்லை. ஏ.சி. கேஸில் அப்படி ஒரு பாதுகாப்பு இல்லை. அடாப்டர் இருந்தால் எந்தச் சிலிண்டரையும் எந்த மெஷினிலும் இணைத்துவிடலாம். உள்ளே போன பிறகுதான் வினையே.

ஆர்-410ஏ, ஆர்-32 இரண்டும் புது ஏ.சி.களில் வரும் கேஸ்கள். ஒரே வெப்பநிலையில் இவற்றின் அழுத்தம் ஆர்-22ஐவிட ஏறக்குறைய 60 சதவீதம் அதிகம். பழைய கம்ப்ரசரும் காயிலும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. இவற்றைப் பழைய ஏ.சி.யில் போடவே கூடாது.

ஆர்-407சி கேஸின் அழுத்தம் ஆர்-22க்கு நெருக்கமானது. ஆனால் பழைய கம்ப்ரசரில் இருக்கும் மினரல் ஆயில் இதற்கு ஒத்துவராது. ஆயிலை மாற்றி, ஃபில்டர் டிரையரை மாற்றி, வேக்குவம் போட்டு, கேஸைத் திரவ நிலையில் எடை போட்டு ஏற்ற வேண்டும். மூன்று கேஸ்களின் கலவை என்பதால், பிறகு லீக் ஆனால் கலவை விகிதமே மாறிப்போகும். பெரிய கட்டிட ஏ.சி.க்கு இந்தச் செலவு நியாயம். ஒரு பழைய விண்டோ ஏ.சி.க்குக் கட்டுப்படியாகாது.

மிச்சமிருப்பது ஆர்-290. இது புரொப்பேன். நம் சமையல் கேஸ் சிலிண்டரில் பியூட்டேனோடு கலந்திருப்பதும் இதுதான். அழுத்தம் கிட்டத்தட்ட ஆர்-22 மாதிரியே. பழைய ஆயிலும் ஒத்துப்போகும், கூலிங்கும் நன்றாக இருக்கும். ஓசோனுக்குக் கெடுதல் இல்லை, புவி வெப்பமாதலில் இதன் பங்கு மிகமிகக் குறைவு. மெக்கானிக்குகளுக்கு இதன் மேல் ஆசை வர இதுதான் காரணம்.

ஒரே ஒரு குறை. தீப்பிடிக்கும்.

ஆர்-290 கேஸுக்கென்றே வடிவமைத்த ஏ.சி.கள் 2012லேயே இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. அவற்றில் கேஸின் அளவுக்கு வரம்பு உண்டு. தீப்பொறி வரக்கூடிய எலக்ட்ரிக் பாகங்களுக்குப் பாதுகாப்பு உண்டு. நம் பழைய ஏ.சி.யின் ரிலேக்கும் தெர்மோஸ்டாட்டுக்கும் அதெல்லாம் கிடையாது. அமெரிக்காவிலும் ஆர்-22 ஏ.சி.யில் புரொப்பேனை மாற்றி ஏற்ற அனுமதி இல்லை.

இப்போது அந்த டி.டி.பி. சென்டரை நினைத்துப் பாருங்கள். புரொப்பேன் காற்றைவிடக் கனமானது. லீக் ஆனால் தரையோரம் தேங்கும். தரையில் என்ன இருக்கிறது? யு.பி.எஸ்., ஸ்டெபிலைசர், எக்ஸ்டென்ஷன் போர்டு. கரண்ட் போய் வரும்போதெல்லாம் "டக் டக்" என்று ரிலே அடிக்கும் சாமான்கள். ஏற்கனவே லீக் ஆகி கேஸ் போன மெஷின் அது. மூடிய அறை, பிளைவுட் தடுப்பு, உள்ளே ஃபாரம் நிரப்ப வந்த பிள்ளைகள். கேஸில் மிச்சம் பிடிக்கும் சில நூறு ரூபாய்க்காக இந்த ஆபத்து தேவையா?

அப்படியானால் என்ன செய்வது?

என் கருத்து இதுதான். பழைய ஏ.சி. நன்றாக ஓடினால் அதைத் தொடாதீர்கள். கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோகும் பொருள் அல்ல. வருஷா வருஷம் கேஸ் ஏற்ற வேண்டியிருந்தால் எங்கோ லீக் இருக்கிறது என்று அர்த்தம். லீக்கை அடைக்காமல் டாப்-அப் செய்வது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான். அதோடு, காற்றில் விடும் ஒரு கிலோ ஆர்-22, சுமார் 1,800 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான சூட்டைப் பூமிக்குச் சேர்க்கிறது.

லீக் ஒரு ஜாயின்ட்டில் மட்டும் இருந்தால் நைட்ரஜன் அழுத்தம் கொடுத்துச் சோதித்து, வெல்டிங் வைத்து, வேக்குவம் போட்டு, ஆர்-22 கேஸையே ஏற்றுங்கள். எந்த கேஸ், எத்தனை கிராம் என்பது ஏ.சி.யின் நேம் பிளேட்டிலேயே இருக்கும். தராசு வைத்து ஏற்றச் சொல்லுங்கள். காயிலே அரித்துப்போனாலோ, கம்ப்ரசர் போய்விட்டாலோ அதற்கு மேல் செலவு செய்யாதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஏ.சி.க்கான ஜி.எஸ்.டி. 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. ஸ்டார் லேபிள் பார்த்து ஆர்-32 அல்லது ஆர்-290 கேஸுக்கென்றே தயாரித்த புது மெஷினாக வாங்குங்கள்.

"புது ஏ.சி.க்குப் பணத்துக்கு எங்கே போவது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அண்ணன் மகனும் அதைத்தான் கேட்டான். சோதித்ததில் அவன் ஏ.சி.யில் காயிலே பல இடத்தில் அரித்திருந்தது. மெஷினை ஓரம் கட்டினோம். மூன்று கேபினெட்டையும் திறந்து தூசி தட்டினோம். ஜன்னலைத் திறந்து, இரண்டு டேபிள் ஃபேன் வைத்து, உச்சி வெயிலில் இரண்டு மணி நேரம் கடையை மூடி ஒரு மாதம் ஓட்டினான். பிறகு தவணையில் ஒரு புது ஏ.சி. வந்தது.

அந்த ஒரு மாதமும் கம்ப்யூட்டர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. வியர்த்தது அவனுக்குத்தான். வியர்வையைத் துடைத்துக்கொள்ளலாம். தீ அப்படியல்ல. அடுத்த முறை மெக்கானிக் சிலிண்டரோடு வரும்போது, ஏற்றச் சொல்வதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணே, இது எந்த கேஸ்?"