தங்கவயல் லைன் வீடுகளின் கதையை யார் எழுதுவது?

கோலார் தங்கவயல் என்றால் இன்றைய இளைஞர்களுக்கு 2018லும் 2022லும் வெளிவந்த கன்னட சினிமாதான் ஞாபகத்துக்கு வருகிறது. 2024ல் 'தங்கலான்' வந்த பிறகு தமிழர்களைப் பற்றியும் கொஞ்சம் பேச்சு அடிபட்டது. சினிமாவைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் சாம்பியன் ரீஃபிலும் மாரிக்குப்பத்திலும் பிறந்து வளர்ந்தவர்களே, 'உங்கள் பாட்டன் எந்த ஊரிலிருந்து வந்தார்?' என்று கேட்டால் விழிக்கிறார்களே, அதுதான் கவலைக்குரியது.

கம்பெனியின் சரித்திரத்துக்குக் குறைவில்லை. 1880ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது, 1894ல் பவுரிங்பேட்டையிலிருந்து (இன்றைய பங்காருப்பேட்டை) மாரிக்குப்பத்துக்கு ரயில் வந்தது, 2001 பிப்ரவரி 28ந் தேதி சுரங்கம் மூடப்பட்டது என்பதெல்லாம் அச்சில் இருக்கிறது. 1902ல் சிவசமுத்திரத்திலிருந்து சுரங்கத்துக்கு மின்சாரம் வந்ததும் இருக்கிறது. லைன் வீடுகளில் என்றைக்கு விளக்கு எரிந்தது என்பது? அதை அங்கே குடியிருந்த பெரியவர்களைத்தான் கேட்க வேண்டும். அவர்களோ வருஷத்துக்கு வருஷம் குறைந்து வருகிறார்கள். சுரங்கத் தூசி நெஞ்சில் அடைத்துப் போனவர்கள் போக மிஞ்சியவர்கள் அவர்கள்.

துரைமார் பங்களாவையும் கிளப்பையும் படம் பிடிக்க வெளியூரிலிருந்து ஆள் வருகிறது. தங்கள் தாத்தாவின் கல்லறையைத் தேடி இங்கிலாந்திலிருந்து வருகிறவர்களும் உண்டு. அவர்களிடம் காகிதம் இருக்கிறது, தேடுகிறார்கள். மூங்கில் தட்டிக் குடிசையில் தொடங்கி ஒற்றை அறை வீட்டுக்கு மாறிய குடும்பத்திடம் என்ன இருக்கிறது? நன்றாகத் தேடினால், நிறையவே இருக்கிறது. சம்பளச் சீட்டு, சர்வீஸ் சர்டிபிகேட், பழைய ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ். சர்ச்சுகளில் ஞானஸ்நானப் பதிவேடு இருக்கும். பெட்டியைக் காலி செய்யும்போது முதலில் குப்பைக்குப் போவதும் இவைதான்.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. வட ஆற்காட்டிலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் பஞ்சத்துக்காக மட்டும் வரவில்லை. ஊர்ச் சேரியில் பட்ட அவமானத்திலிருந்தும் தப்பித்து வந்தார்கள். ஊர்ப்பெயரைப் பிள்ளைகளிடம் சொல்லாமலே செத்துப்போன கிழவர்கள் பலர். அதைக் கிளற வேண்டாம் என்று நினைக்கும் குடும்பங்களைக் குற்றம் சொல்ல முடியாது. என்றாலும் வெட்கப்பட வேண்டியவர்கள் அவர்கள் அல்ல. அயோத்திதாசர் 1914ல் மறைந்த பிறகு, 1920களில் அப்பாதுரையார் 'தமிழன்' இதழை நடத்தியது இதே தங்கவயலில்தான். 1930ல் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தவர்களும் இந்த லைன் ஜனங்களே. அந்த நாட்களில் எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை, எந்தக் கடைக்காரர் கடன் கொடுத்தார் என்பது எந்த ஆபீஸ் பைலிலும் கிடைக்காது.

சர்க்கார் வந்து மியூசியம் கட்டட்டும் என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை. தினமும் விடியற்காலையில் மாரிக்குப்பம் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர் எத்தனை பேர்? லைனுக்கு ஒருவர் முன்வந்து, ஒரு நோட்டுப் புத்தகத்தில் வீட்டு நம்பர் வாரியாக எழுதலாம்: யார் இருந்தார்கள், எந்தச் சுரங்கத்தில் வேலை, எத்தனை பேர் அந்த ஒரே அறையில் படுத்தார்கள், அடுப்பு எந்த மூலையில், குழாயடி எங்கே, விபத்தில் போனவர் யார். தேதி சரியாகத் தெரியாவிட்டால், 'இன்னார் சொன்னது' என்று போட்டுவிட்டால் போதும். ஒரு பிரதி வீட்டில், இன்னொன்று கோயிலிலோ சர்ச்சிலோ இருக்கட்டும்.

பழைய வீட்டை இடித்துக் கட்டப் போகிறவர்கள் கடப்பாரை போடுவதற்கு முன் உள்ளும் புறமும் நாலு போட்டோ எடுத்து வைக்கலாம். செல்போன் இல்லாத வீடு இப்போது எது?